மாதா திட்டுப் பரிசலுக்கு மோட்டார் மாட்டிய மாப்பிள்ளை

கோயமுத்தூர் கணபதியில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் இதற்கு ஒரு மோட்டார் மாட்டினால் என்ன என்று கை அரிக்கும். கிணற்றைப் பார்த்தால் அரிக்கும், அது நியாயம். ஆட்டுக்கல்லைப் பார்த்தால் அரிக்கும், அதனால் கிரைண்டர் பிறந்து ஊருக்கு நல்லதுதான் நடந்தது. எனக்கு அந்த வியாதி கொஞ்சம் முற்றிய நிலையில் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில், இருபத்தாறு வயதில், கல்யாணமான நாலாவது மாதத்தில், மாதா சுரூபத்தை ஏற்றிய பரிசலுக்கு நான் மோட்டார் மாட்டினேன்.

பரிசல் வட்டமானது என்று எனக்குத் தெரியும். பல தடவை பார்த்திருக்கிறேன். (அதில் உட்கார்ந்தும் இருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டுதான், ஆனாலும் உட்கார்ந்திருக்கிறேன்.) தெரிந்தும் மாட்டினேன் என்பதுதான் இங்கே நான் கொடுக்கும் வாக்குமூலம்.

என் மனைவி ஸ்டெல்லாவின் ஊர் ஈரோட்டுக்குக் கீழே காவிரிக் கரையில் இருக்கிறது. அங்கே ஆறு இரண்டாகப் பிரிந்து கொஞ்ச தூரம் தனித்தனியாகப் போய், மனசு கேட்காமல் மறுபடி சேர்ந்துகொள்ளும். அந்தப் பிரிவுக்கு நடுவே ஒரு திட்டு. நாணல், நாலைந்து புளியமரம், அவற்றுக்கு நடுவில் ஒரு சின்னக் கோயில். யார் கட்டியது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. குதிரையில் வந்த வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் கட்டினார் என்பார்கள். (திட்டுக்குக் குதிரை எப்படிப் போனது என்று கேட்டால், 'நீங்க கேள்வி நெம்பக் கேக்கறீங்க மாப்ள' என்பார்கள்.)

தை மாதக் காலையில் அந்தத் திட்டைப் பார்க்க வேண்டும். தண்ணீர் மேல் பால்போல பனி படுத்துக் கிடக்கும். கரை தெரியாது, ஆறு தெரியாது. புளியமரத்தின் தலைகளும் கோயில் கூரையின் சிலுவையும் மட்டும் எதன் மேலும் நிற்காமல் ஆகாயத்தில் மிதந்துகொண்டிருக்கும். முதல் தடவை அப்படிப் பார்த்தபோது நான் பேசாமல் நின்றுவிட்டேன். பக்கத்தில் நின்ற ஸ்டெல்லா, "என்னுங்க, பேச்சையே காணோம்?" என்றாள். இவ்வளவு அழகான இடத்துக்குக் குழாய் போட்டால் எத்தனை ஹெச்பி மோட்டார் வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன் என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை.

அந்தக் கோயிலில் மாதா இல்லை. அதுதான் கதை.

பல வருடங்களுக்கு முன் ஒரு பெருவெள்ளத்தில் கோயிலுக்குள் தண்ணீர் புகுந்து, ஒரு பக்கத்துச் சுவர் விழுந்தது. மூன்றடி உயர மரச் சுரூபத்தை அவசரமாகத் தூக்கிக்கொண்டு போய் டவுனில் இருக்கும் பெரிய கோயிலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அப்படித் தூக்கிக்கொண்டு போனபோது முன்னால் மெழுகுவத்தி பிடித்து நடந்த பையன் என் மாமனார் சவரிமுத்து. பையன் வளர்ந்து, மீசை வைத்து, மஞ்சள் மண்டிக்கு முதலாளியாகி, ஊர்க் கோயிலின் பங்குப் பேரவைச் செயலாளரும் ஆகிவிட்டார். மாதா மட்டும் திரும்பி வரவே இல்லை. மாமா டவுனுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கண்ணாடிப் பெட்டி முன் பத்து நிமிஷம் நிற்பார். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

மூன்று வருடங்களாக அந்தப் பங்கு மக்கள் ஞாயிறு பூசை முடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திட்டுக்குப் போனார்கள். சுவருக்குள் வேர்விட்டிருந்த அரசமரத்தை நாள் நாளாக வெட்டி எடுத்தார்கள். செங்கல்லும் மணலும் பரிசலில் போயின. பழைய கட்டடத்துக்கு சிமெண்ட் ஆகாது, சுண்ணாம்புக் காரைதான் பூச வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னதால், குழி வெட்டிச் சுண்ணாம்பை வாரக்கணக்கில் ஊறப்போட்டார்கள். பெண்கள் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டு வந்தார்கள். காரை அரைக்க, வட்டமாக வெட்டிய பள்ளத்தில் ஒரு கல் சக்கரம் சுற்ற வேண்டும். அதை மாடு இழுக்க வேண்டும். மாடு பரிசலில் ஏற மறுத்துவிட்டது. (எல்லாரிலும் விவரமான ஆள் அதுதான் என்று பின்னால் புரிந்தது.) ஆகவே ஆண்கள் எட்டுப் பேர் மாறி மாறி இழுத்தார்கள்.

அந்த நிலையில்தான் நான் மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தேன். எட்டு மனிதர்கள் ஒரு கல்லைச் சுற்றி வருவதைப் பார்த்தேன். கை அரித்தது.

அடுத்த ஞாயிறு கணபதியிலிருந்து ஒரு சின்ன என்ஜினைக் கொண்டு வந்தேன். பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் வகை. ஒரு பழைய கியர் பெட்டி, ஒரு பெல்ட். கல் சக்கரம் தானாகச் சுற்றியது. காரை வெண்ணெயாக அரைந்தது. ஊரே கை தட்டியது. மாமா என் தோளில் கை போட்டு, "எங்க மாப்ள கை வெச்சா கல்லு கூட ஓடுமுங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

அந்த ஒரு வாக்கியம்தான் என்னைக் கெடுத்தது. இன்று நிதானமாக யோசித்தால், வட்டமாகச் சுற்ற வேண்டிய ஒன்றை வட்டமாகச் சுற்ற வைத்ததில் பெரிய சாமர்த்தியம் எதுவும் இல்லை. அன்று எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கோயில் வேலை முடிந்தது. மாதாவைத் திருப்பிக் கேட்டு மாமா ஆயருக்கு (பிஷப்புக்கு) மனு எழுதினார். ஆயர் நல்ல மனிதர், ஆனால் கறாரானவர். சுரூபம் மிகப் பழையது, ஈரம் பட்டால் மரம் உப்பும், வண்ணம் உரியும் என்று டவுனில் சொல்லி வைத்திருந்தார்கள். ஆயர் ஒரு நிபந்தனை போட்டார்.

"தை மாசத் திருநாளுக்கு நானே வந்து மந்திரிச்சு வைக்கறேன். ஆனா ஒண்ணு, சவரிமுத்து. ஆத்தத் தாண்டும்போது சுரூபத்து மேல ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும், அதே வண்டியில நான் திருப்பி எடுத்துட்டுப் போயிருவேன். சரின்னா கையெழுத்துப் போடுங்க."

மாமா போட்டுவிட்டார். போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தார். துடுப்புப் போட்டால் தண்ணீர் தெறிக்கும். எவ்வளவு பதமாகப் போட்டாலும் நாலு சொட்டாவது உள்ளே விழும். நாற்பது வருஷம் பரிசல் தள்ளிய மாரப்பனே, "ஒரு சொட்டு கூடாதுன்னா, ஆத்தத்தான் நவுத்தி வெக்கோணுங்க" என்றுவிட்டார்.

அப்போது என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது.

"மாமா, துடுப்பே வேண்டாமுங்க. மோட்டார் மாட்டிக்கலாம். ஃபேன் தண்ணிக்கு அடியில சுத்தும். மேல ஒரு சொட்டு தெறிக்காது."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் வெளிச்சம் வந்தது. "அம்மணி, மாப்ளைக்கு சோறு போடு" என்று ஸ்டெல்லாவிடம் சொன்னார். (அவர் எனக்கு நன்றி சொல்லும் முறை அது.)

மாரப்பன் மட்டும் வாசலில் குந்தியபடி பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்க மாப்ள, மோட்டார எந்தப் பக்கம் மாட்டுவீங்க?"

"பின்பக்கமுங்க."

"அதத்தானுங்க கேக்கறேன். பரிசலுக்கு எது பின்பக்கம்?"

"நாம எத பின்பக்கம்னு வெக்கறமோ அதுதானுங்க பின்பக்கம்."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பரிசலுக்குச் சொல்லிப்போட்டீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், படிக்காத மனிதர் என்று மனசுக்குள் மன்னித்துவிட்டு.

கணபதிக்குத் திரும்பி, எங்கள் பட்டறைக்குப் பக்கத்தில் லேத் வைத்திருந்த அப்பாஸ் பாயிடம் போனேன். கோட்டைமேட்டுக்காரர். கடைசல் வேலையில் அவர் கை பட்டால் இரும்பு பணிந்து போகும். தண்ணீருக்கடியில் சுற்றும் விசிறி ஒன்று வேண்டும் என்று விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பிக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாதுங்க பாய்."

"அப்ப ஓரமெல்லாம் நல்லா தேச்சுக் குடுக்கறேன். தேடி எடுக்கறவங்க கையில குத்தக்கூடாது பாருங்க."

பட்டறைத் தண்ணீர்த் தொட்டியில் என்ஜினை இறுக்கி ஓட்டிப் பார்த்தேன். விசிறி அருமையாகச் சுற்றியது. தொட்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை. (சிமெண்ட் தொட்டி.) சோதனை வெற்றி என்று நோட்டில் எழுதி வைத்தேன்.

திருநாள் வந்தது. விடிந்தும் விடியாத பனி. கரையில் பங்கு மக்கள், கையில் மெழுகுவத்தி. எதிர்க்கரையில் அடுத்த ஊர்க்காரர்கள், பெரும்பாலும் இந்துக்கள், வேடிக்கை பார்க்கக் கூட்டமாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆயரையும் மாமாவையும் பங்கு மக்களில் கொஞ்சம் பேரையும் மாரப்பன் முதலிலேயே திட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். திட்டின் படித்துறையில் ஆயர் ஊதாத் தொப்பியோடு நிற்க, பக்கத்தில் மாமா கைகட்டி நின்றார். பனியில் அவர்கள் கால்கள் தெரியவில்லை. இரண்டு பேரும் மிதந்துகொண்டிருந்தார்கள்.

நான் கல்யாணப் பட்டு வேட்டியும் சட்டையும் போட்டிருந்தேன். வேட்டிக்குள் வழக்கம்போல கோடு போட்ட பட்டாபட்டி டிராயர். பட்டறைக்காரனுக்கு அதுதான் தோது, பிளக் ஸ்பேனர் வைக்கப் பாக்கெட் உண்டு. சுரூபத்தைப் பரிசலின் நடுவில் ஒரு தலையணை மேல் நிறுத்தி, நான் மண்டியிட்டு இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். மாரப்பன் தன் பரிசலில் பின்னால் வருவதாக ஏற்பாடு. ஸ்டெல்லா கரையிலிருந்து குனிந்து மெல்லக் கேட்டாள்.

"நிறுத்தற சுவிட்ச் எங்கீங்க இருக்குது?"

"என்ஜினுக்கு அக்கட்டால."

"அக்கட்டாலன்னா, ஆத்துப் பக்கமா?"

"கையெட்டும் அம்மணி, நீ பேசாம ஜெபம் சொல்லு."

கரையிலிருந்து ஒருவர் கயிற்றை மூன்றாவது தடவை இழுத்தபோது என்ஜின் கிளம்பியது. பரிசல் நேராகப் போனது. ஆமாம், நேராகப் போனது. பத்தடி. அந்தப் பத்தடியை இன்றுவரை எங்கள் குடும்பத்தில் ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் நான் பார்த்தேன். திட்டு எங்களை நோக்கி வந்தது. ஆயர் புன்னகைத்தார். மாமா மீசையைத் தடவினார்.

பிறகு ஆயர் மெதுவாக இடது பக்கமாக நகர்ந்தார்.

ஆயர் ஏன் நகர்கிறார் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. அவர் பின்னாலேயே மாமா, படித்துறை, புளியமரம், கோயில் எல்லாம் வரிசையாக நகர்ந்தன. அப்புறம் வெறும் ஆறு. அப்புறம் எதிர்க்கரைக் கூட்டம். அப்புறம் ஸ்டெல்லா. அப்புறம் மறுபடி ஆயர். இந்தத் தடவை அவரிடம் புன்னகை இல்லை.

அவர்கள் யாரும் நகரவில்லை. சுற்றுவது நான்தான் என்று மூன்றாவது சுற்றில் உறைத்தது.

வேகம் கூடியது. பரிசலுக்குப் பின்பக்கம் என்று நான் வைத்த பக்கம், தனக்கு அப்படி ஒரு பதவி கொடுக்கப்பட்டிருப்பதை மதிக்கவே இல்லை. என்ஜின் தள்ளத் தள்ள பரிசல் தன்னைத்தானே துரத்திக்கொண்டு சுற்றியது. விளிம்பெல்லாம் தண்ணீர் எழும்பித் தூறலாக உள்ளே விழத் தொடங்கியது. சுவிட்ச் என்ஜினுக்கு அந்தப் பக்கம். அதை எட்ட வேண்டுமானால் மாதாவை விட வேண்டும். மாதாவை விட்டால் மாதா ஆற்றில். விடாவிட்டால் தூறல். ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டுப் போதும், மாமாவின் கையெழுத்து அவரைப் பார்த்துச் சிரிக்கும்.

நான் அப்போது வேண்டிக்கொண்டவற்றை முழுவதும் எழுதினால் எனக்கு மரியாதை மிஞ்சாது. ஆளுயர மெழுகுவத்தி நேர்ந்துகொண்டேன். வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாகச் சொன்னேன். எனக்கு மொட்டை என்றேன். அது போதாதோ என்று பயம் வந்தது. மாமனாருக்கும் சேர்த்து மொட்டை என்றேன். (அவரைக் கேட்கவில்லை. அவர் அந்த நேரம் மறுபடி இடது பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்.)

கடைசியில் மூளை செய்யாததைக் கை செய்தது. ஒரு கையால் மாதாவை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, மறு கையால் இடுப்பிலிருந்து பட்டு வேட்டியை உருவினேன். எட்டு முழம். உருவி, மாதாவின் தலையிலிருந்து பாதம்வரை சுற்றினேன். சுற்றுவது ஒன்றும் சிரமமாக இல்லை. வேட்டியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றதைப் பரிசலே பார்த்துக்கொண்டது.

கரையில் யாரோ பயந்துபோய் மன்றாட்டு மாலையைத் தொடங்கினார்கள். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்ற குரல்கள் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு காதில் நுழைந்து மறு காதுக்குப் போயின. எதிர்க்கரையிலோ திடீரென்று குலவைச் சத்தம். தேங்காய் உடையும் சத்தம். அவர்களுக்கு என்ன வந்தது என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. குலவை, மன்றாட்டு, ஆயர், ஸ்டெல்லா, குலவை, மன்றாட்டு, ஆயர், ஸ்டெல்லா.

பிறகு 'கர்' என்று ஒரு இருமல். என்ஜின் நின்றது. ஆகாயத் தாமரைக் கொடி விசிறியில் சுற்றிக்கொண்டுவிட்டது.

அதற்குப் பிறகு வந்த அமைதியை நான் இன்றுவரை மறக்கவில்லை. பரிசல் மெல்ல, இன்னும் மெல்ல, தூங்கப் போகும் பம்பரம்போலச் சுற்றித் தளர்ந்தது. ஆறு எங்களைத் தன் மேல் படுக்கவைத்துக்கொண்டு கீழ்நோக்கி நடந்தது. பனிக்குள் கரைகள் இரண்டும் கரைந்துபோயின. குரல்கள் எங்கேயோ பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தன. ஒரு நாரை எங்களைக் கடந்து போனது, கேள்வி எதுவும் கேட்காமல். வெள்ளைப் பட்டுக்குள் மாதா, பட்டாபட்டிக்குள் நான். உலகத்தில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. பயம் எப்போது போனது என்றே தெரியவில்லை. என் தலை மட்டும் இன்னும் உள்ளுக்குள் சுற்றிக்கொண்டிருந்ததால், ஆகாயமே தொட்டில் மாதிரி ஆடுவதாகத் தோன்றியது. இப்படியே கடலுக்குப் போய்விட்டால்கூட நல்லதுதான், மாமாவைப் பார்க்க வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

பனியைக் கிழித்துக்கொண்டு மாரப்பனின் பரிசல் வந்தது. அவர் என்னைப் பார்த்தார். பட்டாபட்டியைப் பார்த்தார். அவசரமே இல்லாமல் கேட்டார்.

"என்னுங்க மாப்ள, மாவு பதமாயிருச்சுங்களா?"

நான் அழுதுவிட்டேன் என்று ஸ்டெல்லா வீட்டில் சொல்வார்கள். அது பனி.

மாரப்பன் கழியைக் கொடுத்து இழுத்து, எங்களைத் திட்டின் கீழ்முனையில் நாணலுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார். நாங்கள் ஒதுங்குவதைப் பார்த்து ஆயரும் மாமாவும் பின்னால் ஒரு கூட்டமும் திட்டுக்குக் குறுக்கே ஓடி வந்திருந்தார்கள். நான் மாதாவைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றேன். சட்டை நெஞ்சுவரை நனைந்திருந்தது. அதற்குக் கீழே நீலக் கோடும் பச்சைக் கோடும்.

"தோத்திரமுங்க ஆண்டவரே" என்றேன். (ஆயரை ஆண்டவரே என்றுதான் கூப்பிடுவோம்.)

ஆயர் தோத்திரத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. என் இடுப்பைக் காட்டி, "பாக்கெட்டுல என்ன?" என்றார்.

"பிளக் ஸ்பேனருங்க ஆண்டவரே."

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் சுரூபத்தை வாங்கி, ஒரு கல்லின் மேல் நிறுத்தி, வேட்டியைப் பிரிக்க ஆரம்பித்தார். முதல் சுற்று சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது சுற்று ஈரம். மூன்றாவது ஈரம். நான்காவது சுற்றில் கையை வைத்துப் பார்த்துவிட்டு ஆயர் உதட்டைச் சுழித்தார். ஐந்தாவது லேசான நமுப்பு. எட்டு முழ வேட்டி அன்றைக்கு எண்பது முழமாகத் தெரிந்தது. கடைசிச் சுற்றை எடுத்து அவர் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"காய்ஞ்சிருக்கு" என்றார்.

மாமா கண்ணைத் திறந்தார். குனிந்து மாதாவின் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷம் கண்ணாடிக்கு வெளியில் நின்று பார்த்த முகம். அப்போதுதான் பார்த்தேன், மாதாவின் பாதத்தில் பளிச்சென்று ஒரு சொட்டு. ஆயரும் பார்த்துவிட்டார்.

"இது என்ன சவரிமுத்து? தண்ணி பட்டிருக்கே?"

மாமா மீசையைத் துடைத்துக்கொண்டார். ஆயர் அந்தச் சொட்டை விரலால் தொட்டார். மாமாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அங்கே அடுத்த சொட்டு கிளம்பத் தயாராக நின்றது.

பின்னாலிருந்து மாரப்பன் சொன்னார்: "நாக்குல வெச்சுப் பாருங்க சாமி. காவேரித் தண்ணி உப்புக் கரிக்காதுங்க."

ஆயர் நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. விரலைத் தன் அங்கியில் துடைத்துக்கொண்டார். "நான் ஆத்துத் தண்ணியத்தான் சொன்னேன். இது கணக்குல சேராது" என்றார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "தம்பி, கோயிலுக்குள்ள இருக்கற அந்தப் பெரிய மெழுகுவத்திக்குப் பின்னால போய் நில்லுங்க. பூசை முடியறவரைக்கும் நகரக்கூடாது" என்றார்.

அப்படித்தான் மாதா திரும்பிய முதல் திருப்பலியை நான் கண்டேன், மெழுகுவத்திக்குப் பின்னால். வெண்ணெய்போல அரைத்த காரை பூசிய சுவரில் வெளிச்சம் வந்து வந்து போனது. என் தலை உள்ளே சுற்றிக்கொண்டிருந்ததால், கோயிலும் என்னோடு சேர்ந்து மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

அந்த வருஷக் கோடையில் மாமாவுக்கு மொட்டை அடித்தோம். "உங்க வேண்டுதலுக்கு என்ற தலையா மாப்ள?" என்று கேட்டுக்கொண்டேதான் உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் கிரைண்டரைப் போடும்போதெல்லாம் யாராவது ஒருவர், "பரிசல் கிளம்பிருச்சு" என்று குரல் கொடுப்பார்கள். மாவைத் தொட்டுப் பார்ப்பவர், "என்னுங்க மாப்ள, பதமாயிருச்சுங்களா?" என்று என்னைத்தான் கேட்பார். இதெல்லாம் பழகிவிட்டது.

பழகாதது வேறொன்று. மறு வருஷத் திருநாளில் துடுப்புப் போட்டு மாதாவைக் கரைக்குக் கொண்டு வந்து, மறுபடி திட்டுக்கு நேராகக் கொண்டுபோனார்கள். எதிர்க்கரை ஊர்க்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். "போன வருசம் எங்க பக்கமும் திரும்பிப் பாத்தாங்க. இந்த வருசம் நாங்க என்னுங்க தப்பு பண்ணுனோம்?" என்று தேங்காயோடு வந்து நின்றார்கள். திட்டுக் கோயிலின் வாசல் இந்தக் கரையைப் பார்த்தது. அத்தனை காலத்தில் அந்தக் கரைக்காரர்கள் மாதாவின் முகத்தைப் பார்த்தது, நான் சுற்றிய அன்றைக்கு மட்டும்தான். நியாயமான கோரிக்கை. அன்று முதல் நடு ஆற்றில் பரிசலை மூன்று தடவை சுற்றிவிட்டுத்தான் திட்டுக்குப் போகிறார்கள். (நான் சுற்றியது நாற்பதுக்கும் மேல். மூன்றாகக் குறைத்துக்கொண்டார்கள்.) சுரூபத்தை நனையாமல் சுற்றிக்கொண்டு போகும் பட்டு வேட்டியை, அந்த வருஷம் பங்குக்குள் வந்த புது மாப்பிள்ளை தர வேண்டும் என்பதும் சேர்ந்துகொண்டது.

இப்போது இருக்கும் பங்குச் சாமியார் இளைஞர். போன திருநாளில் பிரசங்கம் வைத்தார். பரிசல் மூன்று முறை சுற்றுவது நம் முன்னோர் தியானித்து வகுத்த ஆழ்ந்த மரபு என்றார். வேட்டி தாழ்மையின் அடையாளம் என்றார். முன்வரிசையில் ஸ்டெல்லா முக்காட்டுக்குள் குலுங்கிக்கொண்டிருந்தாள். நான் முன்னோருக்கு உரிய முகத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

இந்த வருஷம் வேட்டி எங்கள் வீட்டு முறை. மகளுக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். மாப்பிள்ளை கணபதிக்காரர்தான், சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. முதல் தடவையாக அவரைக் காவிரிக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் திட்டைக் காட்டினேன். பனியில் சிலுவை மிதந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை பேசாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு திரும்பி, கண்ணெல்லாம் பளபளக்கச் சொன்னார்: "மாமா, எதுக்குங்க துடுப்பு? பரிசலுக்கு நாலு பக்கமும் நாலு சின்ன மோட்டார் வெச்சு, கரையில இருந்தே ரிமோட்ல ஓட்டிப்போடலாமுங்க."

அன்று சாயந்திரம் ஈரோட்டுக் கடைவீதிக்குப் போய், அவர் அளவுக்கு ஒரு பட்டாபட்டி வாங்கி வந்து கொடுத்தேன்.

பாக்கெட் வைத்தது.